தாயின் மீது பழியா?

குழந்தை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அக்குழந்தை பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாமல், முகம் பார்த்துச் சிரிக்காமல், பேச்சும் வராமல் இருந்தால் வீட்டார் முதலில் யாரைக் குறை கூறுகிறார்கள்? தாயைத்தான்! "நீ பிள்ளையைக் கொஞ்சிப் பேசியிருந்தால் இப்படி ஆகுமா?" என்கிறார்கள். ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் தாய்மார் சுமக்கும் இந்தப் பழி நியாயமானதா என்பதை நாம் சிந்திக்க வேண்டும்.

படித்தவர்களும் இத்தவற்றைச் செய்தார்கள். 1943-ல் 11 குழந்தைகளை ஆராய்ந்து இந்நிலையை விவரித்த அமெரிக்க மருத்துவர் லியோ கானர், இது பிறவியிலேயே அமைவது என்றுதான் எழுதினார். பின்னர் அவரே பெற்றோரின் பாசக்குறைவைச் சுட்டினார். 1967-ல் புரூனோ பெட்டல்ஹைம் எழுதிய நூல் அப்பழியை எங்கும் பரப்பியது. ஆனால் 1977-ல் பிரிட்டனில் வெளியான இரட்டையர் ஆய்வு, இதில் பரம்பரைக் கூறுக்குப் பெரும் பங்குண்டு எனக் காட்டியது. தாயின் அன்புக் குறைவால் ஆட்டிசம் வருவதில்லை. இது இன்று ஐயமற்ற உண்மை.

அப்படியானால் தாய் செய்யக்கூடியது ஒன்றுமில்லையா? உண்டு. 2002-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இரு செய்திகளைத் தந்தது. ஒன்று: இத்தாய்மார் மற்றத் தாய்மாருக்குச் சற்றும் குறையாமல் தம் பிள்ளைகளின் கவனத்தோடு இசைந்தே பழகுகிறார்கள். மற்றொன்று: அவ்வாறு அதிகம் இசைந்த தாய்மாரின் பிள்ளைகள், ஆண்டுகள் பல சென்றபின் பேச்சில் கூடுதலாக முன்னேறியிருந்தார்கள்.

இசைவது என்றால் என்ன? பிள்ளை பொம்மை வண்டியின் சக்கரத்தையே சுழற்றிக் கொண்டிருக்கிறது. அதைப் பிடுங்கி வைத்துவிட்டு, "என்னைப் பார், உம்மா என்று சொல்" என வற்புறுத்துவது ஒரு வழி. அருகில் அமர்ந்து, அது பார்ப்பதையே தாமும் பார்த்து, "சக்கரம் சுத்துது" என்று சொல்லி, பதிலுக்குச் சற்றுப் பொறுத்திருப்பது மற்றொரு வழி. பிள்ளை ஒரு சத்தம் எழுப்பினாலும், கையைப் பிடித்து இழுத்தாலும் அதையே பேச்சாகக் கொண்டு மறுமொழி கூற வேண்டும். இது நோய் தீர்க்கும் மருந்தன்று. பேச்சுக்குக் கதவு திறக்கும் முயற்சி.

12 மாதமாகியும் மழலை ஒலியோ சுட்டிக் காட்டுதலோ இல்லையென்றால், 16 மாதமாகியும் ஒரு சொல்கூட வரவில்லையென்றால், வந்த சொல் மறைந்துவிட்டால், தாமதியாமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுவது அவசியம். "வாப்பாவும் தாமதமாகத்தான் பேசினார்" என்று காலத்தைக் கடத்தக் கூடாது.

சகோதரிகளே! பொறுமை உங்களுக்கு மட்டும் விதிக்கப்பட்டதன்று. வீட்டு வேலையில் ஒரு பங்கைக் கணவரும் மாமியாரும் ஏற்றுக்கொண்டால்தான், தாய்க்குப் பிள்ளையின் அருகில் அமர நேரம் கிடைக்கும். பழி சொல்லும் நாவை அடக்கி, உதவும் கையை நீட்டுவோமாக!