பழைய பவர் சப்ளையும் வீட்டுக் கம்ப்யூட்டரும்

திருப்பூரில் கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் பெரும்பாலும் டேலிக்கும், டிசைனுக்கும், பையருக்கு மெயில் அனுப்பவும்தான் வாங்குகிறார்கள். அதே கம்ப்யூட்டரை வைத்து நிட்டிங் மெஷினின் பழுதான போர்டையும் சோதிக்கலாம். அதற்குக் கூடவே ஒரு புரோகிராமபிள் பவர் சப்ளை வேண்டும். இதில் எத்தனை வோல்ட் வேண்டும் என்பதோடு, அதிகபட்சம் எத்தனை ஆம்பியர் போகலாம் என்றும் நாம் எல்லை வைக்கலாம்.

இந்த எல்லையின் அருமை எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. தெரிந்தவர் ஒருவரின் சர்க்குலர் நிட்டிங் மெஷினில் நூல் அறுந்தால் நிறுத்தும் சென்சார் போர்டு வேலை செய்யவில்லை. கையில் இருந்த 24 வோல்ட் சப்ளையை அப்படியே கொடுத்தேன். உள்ளே ஒரு கெப்பாசிட்டர் ஷார்ட். நொடியில் புகை வந்து, போர்டில் இருந்த செம்புத் தடமும் கருகிவிட்டது. பத்து ரூபாய் பாகத்தோடு முடிய வேண்டிய வேலை. ஜாப் ஒர்க் துணி பாதியில் நிற்க, மெஷின் நான்கு நாள் ஓடவில்லை.

புதிய சப்ளை விலை அதிகம். பழையது சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் தேடினால் கிடைக்கும். உதாரணத்துக்கு இ3631ஏ என்ற மாடலை எடுத்துக்கொள்வோம். முதலில் ஹெச்பி, 1999க்குப் பின் அஜிலென்ட், 2014க்குப் பின் கீசைட் என்று பெயர்ப்பலகைதான் மாறியது. 6 வோல்ட் 5 ஆம்பியர், பிளஸ் 25 வோல்ட் 1 ஆம்பியர், மைனஸ் 25 வோல்ட் 1 ஆம்பியர் என மூன்று வெளியீடுகள். 24 வோல்ட் போர்டுக்கு இதுவே போதும்.

வீட்டுக்கு வந்ததும் பிளக்கைச் சொருகிவிடாதீர்கள். வெளிநாட்டில் இருந்து வந்த கருவியின் மின்னழுத்த செலக்டர் 115ல் இருக்கக்கூடும். நம் 230 வோல்ட்டை அதற்குக் கொடுத்தால் ஃபியூஸ் போவது நல்ல காலம், டிரான்ஸ்ஃபார்மர் போவது கெட்ட காலம். செலக்டரை 230க்கு மாற்றி, அதற்கேற்ற ஃபியூஸும் போடுங்கள்.

அடுத்து, 100 வாட் குண்டு பல்பை சீரிஸில் போட்டு ஆன் செய்யுங்கள். எல்இடி பல்பு இதற்கு உதவாது. பல்பு ஒருமுறை பளிச்சிட்டு மங்கினால் சரி. முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருந்தால் உடனே நிறுத்துங்கள், உள்ளே ஷார்ட். மூடியைத் திறக்கும் வேலையை அனுபவசாலியிடம் விடுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும்.

பல்பு சோதனையில் தேறிவிட்டால் நேரடியாக இணைத்து, 12 வோல்ட் வைத்து மல்டிமீட்டரில் சரிபாருங்கள். பிறகு 10 வாட் பைக் இண்டிகேட்டர் பல்பை மாட்டி, எல்லையை 0.3 ஆம்பியராகக் குறையுங்கள். பல்பு மங்கும், வோல்ட் இறங்கும், திரையில் ‘சிசி’ என்று வரும். அன்று என்னிடம் இது இருந்திருந்தால் போர்டு பிழைத்திருக்கும். குமிழைத் திருப்பும்போது எண்கள் தாறுமாறாகக் குதித்தால் குமிழ் தேய்ந்திருக்கிறது. கம்ப்யூட்டர் வழியே இயக்கினால் அதைத் தொடவே தேவையில்லை.

இனி இணைப்பு. இப்போதைய கம்ப்யூட்டர்களில் சீரியல் போர்ட் இருப்பது அரிது. யுஎஸ்பி-சீரியல் கன்வெர்ட்டரும், நல்-மோடம் எனப்படும் குறுக்கு ஒயர் கேபிளும் வாங்குங்கள். சாதாரண நேர் கேபிளை மாட்டிவிட்டுக் கருவி கெட்டுவிட்டதாகப் பயப்படுபவர்கள் உண்டு. கருவியின் ஐ/ஓ கான்ஃபிக் பட்டனை அழுத்தி ஆர்எஸ்-232ஐத் தேர்ந்தெடுங்கள். எக்ஸ்பி வரை விண்டோஸுடன் ஹைப்பர்டெர்மினல் வந்தது. இப்போது புட்டி என்ற இலவச மென்பொருள் போதும். அதில் சீரியலைத் தேர்வு செய்து, டிவைஸ் மேனேஜர் காட்டும் காம் எண்ணைக் கொடுங்கள். வேகம் 9600, டேட்டா பிட் 8, ஸ்டாப் பிட் 2, பேரிட்டி இல்லை, ஃப்ளோ கண்ட்ரோல் டிஎஸ்ஆர்/டிடிஆர்.

கட்டளைகளை ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். இங்கே எழுத்தெழுத்தாகத் தருகிறேன். முதலில் ‘*ஐடிஎன்?’ அடித்து, எண்டருக்குப் பின் கண்ட்ரோலுடன் ஜே அழுத்துங்கள். புட்டியில் எண்டர் மட்டும் போதாது. நாம் அடிப்பது திரையில் தெரியாமல் போகலாம், கவலை வேண்டாம். கருவி தன் பெயரைத் திருப்பிச் சொன்னால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. பிறகு வரிசையாக ‘எஸ்ஒய்எஸ்டி:ஆர்இஎம்’, ‘ஏபிபிஎல் பி25வி, 24, 0.1’, ‘ஓயுடிபி ஓஎன்’. ஒவ்வொன்றுக்கும் அதே எண்டர், கண்ட்ரோல்-ஜே.

போர்டு இழுக்கும் மின்னோட்டத்தை அறிய ‘எம்இஏஎஸ்:சியுஆர்ஆர்? பி25வி’. புட்டியின் லாகிங் வசதியை ஆன் செய்துவிட்டு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இதை அடியுங்கள். காலையில் ஒழுங்காக ஓடி மதியம் சூட்டில் நின்றுவிடும் போர்டு என்றால், மின்னோட்டம் எப்படி ஏறியது என்பது அந்தக் கோப்பில் பதிவாகிவிடும். போர்டைக் கழற்றும் முன் ‘ஓயுடிபி ஓஎஃப்எஃப்’ கொடுக்க மறக்காதீர்கள்.