ஞாயிற்றில் சுழல்வது உண்மையா?

2011ஆம் ஆண்டு செப்டம்பர் 25ஆம் நாள், ஞாயிற்றின் விளிம்பிலே ஒரு தீத்தூண் எழுந்து நின்றது. அமெரிக்க விண்கலம் ஒன்று அதனைப் படம் பிடித்தது. வெம்மை மிக்க வாயு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் தூரம், மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல், திருகு சுருளாக மேலேறுவதுபோல் அப்படங்களில் காணப்பட்டது. நம் பூமியைப் போன்ற பதினைந்து உருண்டைகளை வரிசையாக வைத்தாலும் அந்தத் தூரம் நிரம்பாது. இத்தகைய தூண்களை ஞாயிற்றுச் சூறாவளி என்பர்.

நண்பர்களே, பெயரைக் கண்டு மயங்க வேண்டா. அங்கே ஈரமும் இல்லை, மேகமும் இல்லை. மின்னூட்டம் பெற்ற பிளாஸ்மா, காந்தக் கோடுகளைப் பற்றிக்கொண்டு ஓடுகிறது. அக்கோடுகளின் அடிப்புறம் திருகப்பட்டால் மேற்புறமும் திருகும் என்பது விளக்கம். சரி, உண்மையிலேயே அது சுழல்கிறதா? விநாயகர் சதுர்த்திப் பந்தலில் விளக்குச் சரம் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். எந்த விளக்கும் இடம் பெயர்வதில்லை, கண்தான் ஓடுகிறது. ஞாயிற்றுத் தூணும் அப்படி ஏமாற்றலாம் அல்லவா?

இந்த ஐயம் புதிதன்று. 1908ஆம் ஆண்டு அமெரிக்காவின் மௌண்ட் வில்சனில் ஜார்ஜ் எல்லரி ஹேல் என்பார், ஞாயிற்றின் கரும்புள்ளிகளைச் சூழ்ந்து ஹைட்ரஜன் வாயு சுழி போல அமைந்திருக்கக் கண்டார். கரும்புள்ளி ஒரு பெருஞ் சூறாவளியே என்ற கருத்து பரவியது. அதைச் சோதித்துப் பார்த்த இடம் எது தெரியுமா? நம் கோடைக்கானல்!

1899ஆம் ஆண்டு முதல் அங்கே வானாய்வுக்கூடம் இயங்கி வருகிறது. 1907இல் அங்கு வந்து சேர்ந்தவர் ஜான் எவர்ஷெட் என்ற ஆங்கிலேயர். கருவிகளைத் தாமே செய்துகொள்வதில் வல்லவர். அவர் கையாண்ட முறையை விளங்கிக்கொள்ள மாட்டுங்கா நிலையத்தில் நின்றால் போதும். நிற்காமல் விரையும் எக்ஸ்பிரஸ் வண்டியின் ஊதல் ஒலி, நெருங்கும்போது கீச்சென்றும் கடந்தபின் தணிந்தும் கேட்கும். ஒளிக்கும் இவ்வாறே. நெருங்கி வரும் வாயுவின் நிறமாலைக் கோடுகள் ஊதாப் பக்கமும், விலகும் வாயுவின் கோடுகள் சிவப்புப் பக்கமும் நகரும். பக்கவாட்டில் செல்லும் வாயுவோ எந்த நகர்ச்சியும் காட்டாது.

இனி, ஞாயிற்று வட்டத்தின் நடுவிலிருந்து ஒதுங்கிய ஒரு கரும்புள்ளியை எடுத்துக்கொள்வோம். புள்ளியையும் வட்டத்தின் நடுவையும் ஒரு கோட்டால் இணையுங்கள். வாயு செக்குமாடு போலப் புள்ளியைச் சுற்றி வருமானால், அந்தக் கோட்டுக்குக் குறுக்கே அமைந்த இரு பக்கங்களில் ஒன்று நம்மை நெருங்கும், மற்றது விலகும். கோட்டின் வழியே பார்த்தாலோ நகர்ச்சி இராது. 1909 ஜனவரியில் எவர்ஷெட் கண்டது இதற்கு நேர்மாறு. கோட்டின் வழியேதான் நகர்ச்சி, குறுக்கே இல்லை. அதாவது வாயு சுற்றவில்லை. தரையில் கொட்டிய தண்ணீர் நாற்புறமும் பரவுவதுபோல, புள்ளியிலிருந்து வெளிப்புறமாக, வினாடிக்கு ஏறத்தாழ 2 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. படம் சுழி என்றது. நிறமாலை இல்லை என்றது.

இதற்கு 'எவர்ஷெட் விளைவு' என்று பெயர். நான் படித்த ஆங்கிலப் பாடநூலில் பெயர் இருக்கிறது, வேகம் இருக்கிறது, ஊர் மட்டும் இல்லை. என் பாட்டியின் ஊரான பெரியகுளத்தில் தெருவில் நின்றாலே தெரியும் மலை அது! தாராவியிலும் செம்பூரிலும் பிறந்து வளர்ந்து, கோடைக்கானல் என்றால் ஏரியையும் படகையும் மட்டுமே அறிந்த நம்மவர் பலர். அவர்களுக்காகவே இதனைத் தமிழில் எழுதத் துணிந்தேன். எவர்ஷெட்டின் மனைவி மேரியும் ஆராய்ச்சியாளரே. விளிம்பில் எழும் தீநாக்குகளைப் பற்றி இருவரும் சேர்ந்து எழுதிய நூல் கோடைக்கானல் ஆய்வுக்கூட வெளியீடாக 1917இல் வந்தது.

நிற்க. நாம் தொடக்கத்தில் கண்ட தூணுக்கும் இதே சோதனைதான். அது சுழல்வதாயின் ஒரு பக்கம் ஊதா நகர்ச்சியும் மறு பக்கம் சிவப்பு நகர்ச்சியும் காட்டி, அந்நிலை நீடிக்கவும் வேண்டும். 2014இல் ஒரு குழுவினர் அத்தகைய நகர்ச்சியை அளந்து, சுழற்சி உண்டென்றனர். அதே ஆண்டில் வேறு சிலர், வாயு முன்னும் பின்னும் ஊசலாடுவதைப் பக்கவாட்டில் பார்ப்பதால் தோன்றும் மயக்கமே பல சூறாவளிகள் என்று வாதித்தனர். பின்வந்த அளவீடுகள் சிலவற்றிலும் நிலைத்த சுழற்சி அகப்படவில்லை. எனக்கு இரண்டாவது கட்சியே வலுவுடையதாகத் தோன்றுகிறது.

ஆனால் சிறு சுழிகளின் கதை வேறு. ஞாயிற்றின் மேற்பரப்பு ஏறத்தாழ 5,500 டிகிரி வெப்பமுடையது. அதற்கு மேலுள்ள ஒளிவளையமோ பத்து லட்சம் டிகிரியைத் தாண்டுகிறது. அடுப்பைவிட அடுப்புக்கு மேலுள்ள காற்று சூடாக இருப்பது போன்ற விந்தை இது. காந்தச் சுழிகள் அந்த வெப்பத்தில் ஒரு பங்கை மேலே கடத்தக்கூடும் என்றும், எந்நேரமும் சுமார் 11,000 சுழிகள் ஞாயிற்றில் இருக்கலாம் என்றும் 2012இல் ஓர் ஆய்வு கணித்தது. 2023 செப்டம்பர் 2ஆம் நாள் ஏவப்பட்ட நம் ஆதித்யா எல்-1 கலத்தில், ஒளிவளையத்தின் நிறமாலையை எடுக்கும் கருவி இருக்கிறது. அதைச் செய்தளித்தது பெங்களூர் இந்திய வான் இயற்பியல் நிறுவனம். கோடைக்கானல் ஆய்வுக்கூடத்தை இன்று நடத்தி வருவதும் அந்நிறுவனமே.