டிராகன் படகில் ஓர் இருக்கை

படகுப் போட்டி என்றதும் நம்மில் பலருக்கு ஆலப்புழையின் புன்னமடைக் காயலும், அங்கே 1952-இல் தொடங்கிய நேரு கோப்பைப் போட்டியும்தான் நினைவுக்கு வரும். நூறு அடிக்கு மேல் நீண்ட சுண்டன் வள்ளத்தில் நூறு பேர் வஞ்சிப்பாட்டின் தாளத்துக்குத் துடுப்புப் போடுவதைத் தொலைக்காட்சியிலாவது பார்க்காதவர்கள் குறைவு. அது கரையில் நின்று பார்த்து மகிழ வேண்டிய போட்டி. அந்த வள்ளத்தில் வெளியூர்க்காரனுக்கு இடம் கிடைப்பது அரிது.

ஆனால் வேலை நிமித்தம் ஹாங்காங்குக்கோ சிங்கப்பூருக்கோ போகும் நம் பிள்ளைகளிடம், போய்ச் சேர்ந்த சில மாதங்களிலேயே அலுவலக நண்பர் ஒருவர் வந்து "எங்கள் படகில் ஓர் ஆள் குறைகிறது, வருகிறாயா?" என்று கேட்கக் கூடும். அவர் சொல்வது டிராகன் படகு. நான் ஹாங்காங்கில் பணிபுரிந்த காலத்தில் மூன்று பருவங்கள் அப்படி ஓர் அமெச்சூர் அணியில் துடுப்புப் போட்டிருக்கிறேன். அந்தப் படகு எப்படி ஓடுகிறது, அதில் உட்காருகிறவனிடம் எதை எதிர்பார்க்கிறார்கள் என்று புறப்படும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது என்பதால் இதை எழுதுகிறேன்.

சீனர்களின் சந்திர நாட்காட்டியில் ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள் வரும் திருவிழாவின் பகுதி இந்தப் போட்டி. நம் கணக்கில் மே இறுதிக்கும் ஜூன் இறுதிக்கும் நடுவில் விழும். ஹாங்காங்கில் அன்று அரசு விடுமுறை. சுமார் இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் சூ யுவான் என்ற கவிஞர், தாம் அமைச்சராக இருந்த நாட்டின் தலைநகர் பகைவர் கையில் வீழ்ந்த துயரம் தாங்காமல் மிலுவோ ஆற்றில் குதித்து உயிர்விட்டார் என்றும், அவரைக் காப்பாற்ற ஊர்மக்கள் படகுகளில் விரைந்தார்கள் என்றும், மீன்கள் அவர் உடலைத் தீண்டாதிருக்கச் சோற்றை ஆற்றில் எறிந்தார்கள் என்றும் மரபுக் கதை சொல்கிறது. இன்றும் அந்த நாளில் மூங்கில் இலையில் பொதிந்து அவித்த பசையரிசிச் சோற்றைத் தின்கிறார்கள். (சைவ உணவுக்காரர்கள் கேட்டு வாங்குவது நல்லது, பெரும்பாலானவற்றில் பன்றி இறைச்சி இருக்கும். பயறு வைத்ததும், ஒன்றும் வைக்காததும் கிடைக்கின்றன.) இந்தத் திருவிழாவை 2009-இல் யுனெஸ்கோ மானுட மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது.

போட்டிக்கு முன் படகுக்குத் தலையும் வாலும் பொருத்தி, சடங்கு செய்து, டிராகனின் கண்ணில் செந்நிறப் புள்ளி வைக்கிறார்கள். அதன் பிறகே படகுக்கு உயிர் வந்ததாகக் கருதுகிறார்கள். சிலைக்குக் கண் திறக்கும் வழக்கம் உள்ள நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

மீனவர்களின் ஊர்ப் போட்டியாக இருந்ததை வெளியாருக்குத் திறந்துவிட்டது 1976-இல் ஹாங்காங்கில் நடந்த பந்தயம். ஜப்பானின் நாகசாகியிலிருந்து ஓர் அணி வந்து, உள்ளூர் மீனவர் அணிகளோடு மோதியது. அதன் பின் இந்த விளையாட்டு பரவிய வேகம் வியப்பானது. 1991-இல் ஹாங்காங்கிலேயே அனைத்துலக டிராகன் படகுச் சம்மேளனம் உருவாயிற்று. 2010-இல் குவாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் பதக்கத்துக்குரிய ஆட்டமாயிற்று. 2018-இல் இந்தோனேசியாவில் வட கொரியாவும் தென் கொரியாவும் ஒரே படகில் பெண்கள் அணியை இறக்கி, 500 மீட்டரில் தங்கம் வென்றன.

இனிப் படகுக்கு வருவோம். போட்டிக்கான முழு அளவுப் படகு சுமார் பன்னிரண்டரை மீட்டர் நீளம்; அகலம் ஒரு மீட்டருக்குச் சற்று அதிகம். பத்துப் பலகைகள், பலகைக்கு இருவர், ஆக இருபது பேர் துடுப்புப் போடுகிறார்கள். அணியத்தில் (முன்முனையில்) பின்னோக்கி உட்கார்ந்து ஒருவர் மேளம் அடிக்கிறார். பின்முனையில் ஒருவர் நின்றுகொண்டு நீண்ட துடுப்பால் திசை பிடிக்கிறார். மொத்தம் இருபத்திரண்டு பேர். ஆணும் பெண்ணும் கலந்த அணியானால், சம்மேளன விதிப்படி துடுப்புக்காரர்களில் எட்டுப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும்.

ஆங்கிலேயர்களின் பல்கலைக்கழகப் படகுகளில் தண்டு வலிப்பவர்கள் போகும் திசைக்கு முதுகு காட்டி உட்காருவார்கள். தண்டு படகோடு பிணைக்கப்பட்டிருக்கும். டிராகன் படகில், நம் வள்ளங்களைப் போலவே, எல்லாரும் முன்னோக்கித்தான் பார்க்கிறார்கள். துடுப்பு கையில் மட்டுமே இருக்கிறது.

முதல் நாள் வருகிறவர் எல்லாரும் கையால் இழுக்கிறார்கள். பத்து நிமிடத்தில் தோள் செத்துவிடும். கை வெறும் கொக்கி, இழுப்பது முதுகும் இடுப்பும் என்பதுதான் பாடத்தின் தொடக்கம். படகின் விளிம்போடு இடுப்பை ஒட்டி உட்கார்ந்து, விளிம்புப் பக்கக் காலை முன்னே நீட்டி அழுத்திக்கொண்டு, உடலைத் திருகி முன்னே எட்ட வேண்டும். முன் பலகைக்காரரின் இடுப்பருகே துடுப்பைச் செங்குத்தாக நீரில் இறக்க வேண்டும். அலகு முழுதும் மூழ்கிய பிறகே இழுப்பு. திருகிய உடல் அவிழ்கிற விசைதான் படகைத் தள்ளுகிறது. துடுப்பு நம் இடுப்பருகே வந்ததும் வெளியே எடுத்துவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் இழுத்தால் என்ன என்று தோன்றும். இடுப்பைத் தாண்டிய துடுப்பு நீரை மேலே தூக்குகிறது. அதனால் படகு கீழே அமுங்குகிறதே தவிர முன்னே போவதில்லை. இந்த ஒன்றைப் பழக எனக்குத் தெரிந்த யாருக்கும் ஒரு மாதத்துக்குக் குறைவாக ஆனதில்லை.

இதற்கு அடுத்தது காலம் தவறாமை. படகு ஒரே சீரான வேகத்தில் ஓடுவதில்லை. துடுப்புகள் நீரில் இருக்கும்போது பாய்கிறது. வெளியே இருக்கும்போது தளர்கிறது. இருபது அலகும் ஒரே கணத்தில் நுழைந்தால் சுமை எல்லார் மேலும் சமமாக விழும். ஒருவர் தாமதித்தால், படகு முன்னே பாய்ந்துவிட்ட பிறகு அவர் துடுப்பு நுழைகிறது. பிடிமானம் கிடைக்காமல் வழுக்குகிறது. மற்றவர்கள் வெளியே எடுத்த பின்னும் அது நீருக்குள் நின்றால் தடைக்கட்டையாகிறது. பலத்தைக் கூட்டி இதை ஈடு செய்யவும் முடியாது. வேகத்தை இரு மடங்காக்கினால் நீரின் எதிர்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. அதற்கு வேண்டிய ஆற்றல் எட்டு மடங்கு. அதனால்தான் உடற்பயிற்சிக் கூடத்தில் தோள் வளர்த்த இளைஞர்களின் படகை, ஐம்பது வயதுக்காரர்கள் ஓட்டும் படகு அமைதியாகக் கடந்து போவதைப் பார்க்க முடிகிறது.

மேளக்காரர்தான் தாளத்தைத் தீர்மானிக்கிறார் என்று கரையில் நிற்பவர்கள் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறு. முதல் பலகையில் உட்காரும் இருவர்தான் தாளம் வைக்கிறார்கள். மேளக்காரர் அவர்களைப் பார்த்து அடிக்கிறார். பந்தயத்தில் ஆறு படகுகள் பக்கம் பக்கமாகப் போகும்போது ஆறு மேளங்களும் கலந்து கேட்கும். காதை நம்பினால் அடுத்த படகின் தாளத்துக்குத் துடுப்புப் போட நேரிடும். ஆகவே கண்ணைத்தான் நம்ப வேண்டும். வலப்பக்கம் இருப்பவர் முதல் பலகையின் இடப்பக்கக்காரரையும், இடப்பக்கம் இருப்பவர் வலப்பக்கக்காரரையும் குறுக்காகப் பார்த்துக்கொண்டே போட வேண்டும். பக்கத்துப் படகு முந்துகிறதா என்று தலையைத் திருப்புகிறவரைப் பயிற்சியாளர் கண்டிப்பார்.

அணியத்தருகே தாளம் தவறாதவர்கள், நடுப் பலகைகளில் எடையும் வலுவும் உள்ளவர்கள், பின் பலகைகளில் வேகமாக ஓடிவரும் நீரில் துடுப்பிடத் தெரிந்த அனுபவசாலிகள் என்று இடம் ஒதுக்குவார்கள். இரு பக்க எடையும் சமமாக வேண்டும். பதவிக்கு இங்கே வேலையில்லை. எங்கள் படகில் கிளையின் தலைவர் ஏழாவது பலகையில் இருந்தார். கணக்குப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பெண் முதல் பலகையில் தாளம் வைத்தார். திங்கட்கிழமை காலையில் அந்தப் பெண்ணின் நடையிலேயே ஒரு மாற்றம் தெரிந்தது.

பந்தயம் ஓடும் விதம் இது. முதலில் ஐந்தாறு ஆழமான, நிதானமான வீச்சு, நின்ற படகை எழுப்புவதற்கு. பிறகு குறுகிய வேக வீச்சுகள். அதன்பின் நிமிடத்துக்கு எழுபது என்ற அளவில் நிலைத்த ஓட்டம். கடைசியில் மிச்சமிருக்கும் எல்லாம். 500 மீட்டரை இரண்டரை நிமிடத்தில் முடிக்கும் அமெச்சூர் அணி நல்ல அணிதான். ஆளுக்குச் சுமார் 175 வீச்சு. இருபது பேருக்கு 3,500. மூன்று மாத வார இறுதிகளை அதற்குக் கொடுத்திருப்போம்.

மொழி ஒரு தடையே அல்ல. எங்கள் படகில் கான்டனீஸ், ஆங்கிலம், டகாலோக், இந்தி, தமிழ் என்று ஐந்து மொழிக்காரர்கள் இருந்தோம். யாட், யீ, சாம் என்ற எண்கள் ஒரு நாளில் வந்துவிட்டன. "கா யாவ்" என்று கத்துவார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் "எண்ணெய் விடு" என்று பொருள். விளக்கேற்றி வளர்ந்த நமக்கு அந்தச் சொல் எளிதில் ஒட்டிக்கொண்டது.

பெற்றோர்களும் பிள்ளைகளும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நகரங்களில் வளர்ந்த நம் பிள்ளைகளில் பலருக்கு நீச்சல் தெரியாது. பெயர் கொடுக்கும் முன் அதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். படகுகள் கவிழ்வது உண்டு, குறிப்பாக இறுதி வேகத்தில் ஒரு பக்கமாக எடை சாயும்போது. நீச்சல் கற்றுக்கொண்டு அடுத்த பருவத்தில் சேர்வதே முறை. அதுவரை மேளத்துக்கோ கரைப் பணிக்கோ போகலாம் என்பார்கள். மேளக்காரரும் தண்ணீரில்தான் விழுவார் என்பதால் அந்த முதல் யோசனையை நான் ஏற்பதில்லை. மிதப்பு அங்கி கேட்டு அணிவதில் வெட்கம் வேண்டாம். இடி எச்சரிக்கையோ புயல் எச்சரிக்கையோ இருந்தால் பயிற்சிக்குப் போகக் கூடாது.

கவிழ்ந்தால் என்ன செய்வது என்பதையும் முதல் வாரமே கற்றுத் தருவார்கள். கரையை நோக்கி நீந்தக் கூடாது. படகைப் பிடித்துக்கொண்டு மிதக்க வேண்டும். துடுப்பு போனால் போகட்டும். உடனே தன் பலகையின் ஜோடியைத் தேடி, அவர் தலை நீருக்கு மேலே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு திசை பிடிப்பவர் கேட்க, முன்பலகையிலிருந்து எண் சொல்லிக்கொண்டே வர வேண்டும். எந்த எண் வரவில்லையோ அந்த ஆளைத் தேடுவார்கள்.

என் பலகை ஜோடி ஓய்வுபெறும் வயதை நெருங்கிய ஒரு கான்டனீஸ்காரர். மூன்று பருவங்களில் நாங்கள் பேசிய சொற்களை ஒரு தாளில் எழுதிவிடலாம். ஒவ்வொரு முறை படகில் ஏறும்போதும் அவர் என் மிதப்பு அங்கியின் வாரை இழுத்துப் பார்ப்பார். நான் அவருடையதை இழுத்துப் பார்ப்பேன். பிறகு எண் சொல்லத் தொடங்குவார்கள். நாங்கள் ஐந்தாம் பலகை.