வீட்டில் விஞ்ஞானம் தொடங்கும் வயது

வீட்டிலே பிள்ளைக்கு விஞ்ஞானத்தை முறைப்பட்ட பாடமாக எந்த வயதிலே தொடங்கலாம் என்று பெற்றார் பலர் எம்மிடம் வினவுவதுண்டு. தமிழாசிரியனிடம் இதனைக் கேட்பானேன் என்று நண்பர்கள் நகைக்கலாம். ஆயின், 'ஆவியாதல்' என்பதற்கு வரைவிலக்கணம் ஒப்புவிக்கும் எட்டு வயதுப் பிள்ளை, கொடியிலே காயும் ஈரத்துணியை ஒருபொழுதும் உற்றுநோக்காதிருப்பது விஞ்ஞானக் குறை மாத்திரமன்று. பொருளை விட்டுச் சொல்லைப் பற்றிய மொழிக் குறையுமாம்.

ஒளி மின்காந்த அலையே என்பதைக் கணித வழியால் 1865 இல் விளக்கிய ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல், பத்து வயதுவரை ஸ்கொத்லாந்திலே தம் வீட்டில் இருந்தே கற்றவர். 1831 இற் பிறந்த அவர், பூட்டு எங்ஙனம் இயங்குகின்றது, அழைப்புமணியின் கம்பி எவ்வழிச் செல்கின்றது என்று ஓயாது வினவுவாராம். தந்தையார் சலியாது காட்டுவாராம். 1839 இல் தாயார் இறந்தபின் அமர்த்தப்பெற்ற இளம் ஆசிரியரோ கடுமை காட்டியதோடு, பிள்ளையை மந்தபுத்தியுடையவர் என்றுங் கருதினார். 1841 இல் மாக்ஸ்வெல் எடின்பரோவிலே பள்ளி புகுந்தார். பதினான்கு வயதில், ஊசியும் நூலுங் கொண்டு முட்டையுருவான வளைகோடுகள் வரையும் முறையை எழுதினார். அக்கட்டுரையை 1846 இல் எடின்பரோ இராயல் சங்கத்திலே பேராசிரியர் போர்ப்ஸ் வாசித்தார். எழுதியவர் சிறுவராதலின் அவரே வாசித்தல் தகாதெனக் கருதப்பட்டது. ஒருவரைக் காட்டி விதி வகுத்தல் பொருந்தாது. எல்லாப் பிள்ளைகளும் மாக்ஸ்வெல் ஆகார். எனினும், வினாவுக்குப் பின்னரே பாடம் வந்த ஒழுங்கு கவனிக்கத்தக்கது.

நம் பாடசாலைகளிலே ஐந்தாந் தரம்வரை சுற்றாடல்சார் செயற்பாடுகளே உள. விஞ்ஞானம் தனிப்பாடமாக ஆறாந் தரத்திலேதான் வருகின்றது. அவ்வெல்லை தக்கதே என்பது எம் கருத்து. ஒன்றை மாற்றி ஏனையவற்றை மாற்றாது வைத்துச் சோதிக்கும் ஆற்றல் ஏறக்குறைய பதினொரு வயதளவில் அரும்பத் தொடங்குகின்றதெனச் சுவிற்சர்லாந்து அறிஞர் பியாஜே கண்டார். அதற்குமுன் நியதிகளைப் புகட்டினால் நெட்டுருவே மிஞ்சும். புலமைப்பரிசிற் பரீட்சைக்காக ஓடும் பிள்ளையின் தலையிலே இதனையும் ஏற்றுவது கொடுமை.

முந்திய ஆண்டுகளை வீணே கழிக்குமாறு யாம் கூறவில்லை. யாழ்ப்பாணத்து வளவுகளிற் கிணறு உண்டன்றோ! கயிற்றின் நுனியிற் கல்லைக் கட்டி, சாணுக்கொரு முடிச்சிட்டு, கட்டிலிருந்து நீர்மட்டம்வரை எத்தனை முடிச்சென்று வெள்ளிதோறும் பெரியவர் துணையோடு பிள்ளை எண்ணிக் கொப்பியிலே குறிக்கலாம். கார்த்திகை மழையிலே நீர் ஏறுவதும் சோளகம் வீசும் மாதங்களிலே இறங்குவதும் அக்கொப்பியிலே தாமே தோன்றும். சுண்ணக்கற்பாறை, நிலத்தடிநீர் என்னுஞ் சொற்களுக்கு அப்பொழுது அவசரமில்லை. பிள்ளை பிழையாக எண்ணியிருப்பின் பெற்றார் அதனை அழித்துத் திருத்தலாகாது. மீண்டும் கயிற்றை விடச் செய்தலே நன்று.

பதினொரு வயதின் பின்னரும் வேடிக்கை காட்டுவதோடு நிறுத்துவாரும் உளர், அதுவும் பிழையே. அப்பொழுது அலகும் அளவையும் வரைபும் கண்டிப்பாக வேண்டும். சாணை மீற்றராக மாற்றி, அக்கொப்பியின் எண்களையே வரைபுத்தாளிற் குறிக்கச் செய்தால், முதற் பாடத்துக்கு வேறு பொருள் தேடவேண்டியதில்லை.