முப்பது நண்டுகள்

(ஓவியம் பழகும் மாணவியருக்கு)



நம் பள்ளியில் படித்துச் சென்ற பெண் ஒருத்தியைச் சில மாதங்களுக்கு முன் பழவேற்காட்டுக் கடைத்தெருவில் சந்தித்தேன். ஏரிக்கரைக் குப்பத்துப் பெண். இங்கே படித்த காலம் முழுவதும் ஓவியப் போட்டியின் முதற்பரிசை யாருக்கும் விட்டுக்கொடுக்காதவள். "இப்போது என்ன வரைகிறாய்?" என்று கேட்டேன். "வரையறதே இல்ல டீச்சர். யாரும் கேக்கறதில்லையே" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அந்தப் பதிலை நினைத்தபடியே பேருந்தில் வீடு வந்து சேர்ந்தேன்.

அவள் சொன்னதில் உண்மை உண்டு. போட்டி என்றால் தலைப்புக் கொடுப்பார்கள். தேர்வு என்றால் வினாத்தாள் வரும். பத்திரிகைக்கு வரையும் ஓவியருக்குக் கதையை அனுப்பி, இத்தனை நாளுக்குள் படம் வேண்டும் என்பார்கள். கேட்பவர் இருக்கும்வரை கை ஓடும். கேட்பார் இல்லாத நாளில் என்ன செய்வது? தனக்குத் தானே வேலை கொடுத்துக்கொள்ளத் தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த நல்ல ஓவியர்கள் எல்லோரிடமும், கூலி இல்லாத, யாரும் கேட்காத ஒரு வேலை எப்போதும் கைவசம் இருக்கும். அப்படிப்பட்ட சொந்த வேலைகளைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

நான் இதைக் கற்றுக்கொண்டது ஓர் அவமானத்தினால்தான். பல ஆண்டுகளுக்கு முன் சிறுவர் நூல் ஒன்றுக்குப் படம் வரையும் வாய்ப்பு வந்தது. மீனவர் ஒருவர் கட்டுமரத்தில் கடலுக்குப் போவதுபோல் ஒரு படம் வேண்டும். வீட்டில் மேசைமுன் அமர்ந்து, எங்கெங்கோ பார்த்த படங்களின் நினைவில் வரைந்து கொடுத்தேன். நூல் அச்சாகி வந்ததும் பெருமையோடு அதைக் குப்பத்துப் பெரியவர் ஒருவரிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். "நல்லாத்தான் கீது டீச்சரம்மா. ஆனா இவரு இன்னா, தொட்டிக்குள்ள குந்திக்கினு போறாரு?" என்றார்.

நான் வரைந்திருந்தது பக்கப் பலகையும் உட்குழிவும் உள்ள ஒரு தோணி. கட்டுமரத்துக்கு உள்பக்கம் என்பதே கிடையாது. மரங்களை ஒன்றையொட்டி ஒன்றாக வைத்துக் கயிற்றால் வரிந்து கட்டியது அது. பெயரிலேயே விளக்கம் இருக்கிறதே! அலை மேலே ஏறினாலும் நீர் இடுக்குகள் வழியாக இறங்கிப் போய்விடும். அதனால்தான் அதில் நீர் நிரம்பி மூழ்குவதில்லை. அதில் போகிறவர் கால் நனையாமல் போகவும் முடியாது. என் படத்து மீனவரோ சலவைச் சட்டையோடு உலர்ந்துபோய் உட்கார்ந்திருந்தார். ஆங்கிலேயருக்கு 'கட்டமரான்' என்ற சொல்லையே கடன் கொடுத்த மொழிக்காரி நான். எப்படி இருந்திருக்கும் எனக்கு!

அடுத்த சனிக்கிழமை ஒரு நோட்டுப் புத்தகத்தோடு கடற்கரைக்குப் போனேன். கட்டுமரத்தை முன்னாலிருந்து, பக்கத்திலிருந்து, மணல்மேட்டில் ஏறி மேலிருந்து என்று இருபது முறை வரைந்தேன். கட்டவிழ்த்து உலரவைத்த மரங்களைத் தனித்தனியே வரைந்தேன். முடிச்சை மட்டும் ஒரு பக்கம் முழுக்க வரைந்தேன். கயிறு எங்கே மேலே போகிறது, எங்கே அடியில் நுழைகிறது என்று புரியாமல் முடிச்சை வரைய முடியாது. பார்ப்பது வேறு, புரிந்துகொண்டு பார்ப்பது வேறு என்பது அன்றுதான் கைக்குத் தெரிந்தது. இன்று அந்த நோட்டுக்கு வேறொரு மதிப்பும் வந்துவிட்டது. 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பிறகு கரையெங்கும் ஃபைபர் படகுகள் பெருகிவிட்டன. கட்டுமரம் கட்டத் தெரிந்த கைகள் குறைந்துகொண்டே வருகின்றன. உங்கள் வீட்டுப் பரணில் தாத்தாவின் துடுப்போ பாட்டியின் ஓலைப்பறியோ கிடந்தால், அதைக் கழித்துப்போடும் முன் ஒருமுறை வரைந்து வையுங்கள். பக்கத்தில் அதன் ஒவ்வொரு பகுதியின் பெயரையும், வீட்டில் சொல்லும் சொல்லிலேயே, எழுதி வையுங்கள்.

இனி நண்டுக் கதைக்கு வருகிறேன். கட்டுமரத்துக்குப் பின் எனக்கு நானே போட்டுக்கொண்ட அடுத்த வேலை, முப்பது நாளைக்கு நாள் ஒரு நண்டு. ஏரியில் பிடிபடும் பெரிய சேற்று நண்டு. முதல் நாள் நண்டுக்கு எட்டுக் கால் போட்டேன். அம்மா எட்டிப்பார்த்து, "மீதிக் காலைக் குழம்பில் போட்டுவிட்டாயா?" என்று கேட்டார். கொடுக்குகள் இரண்டையும் சேர்த்து நண்டுக்குப் பத்துக் கால்கள். சேற்று நண்டின் கடைசி இணை மற்றவை போலக் கூராக இராது. நீந்துவதற்கேற்பத் துடுப்பாகத் தட்டையாக இருக்கும். ஓட்டின் முன்விளிம்பில், கண்ணுக்கு வெளியே பக்கத்துக்கு ஒன்பது பற்கள். கொடுக்குகள் இரண்டும் ஒரே அளவல்ல. பருத்தது நொறுக்க, மெலிந்தது அறுக்க. திருப்பிப் போட்டு வயிற்று மடலைப் பார்த்தால், ஆணுக்குக் குறுகிய முக்கோணம், பெண்ணுக்கு அகன்ற வட்டம். மீன் விற்கும் உங்கள் அம்மாக்களுக்கு இதெல்லாம் ஒரு பார்வையில் தெரியும். எனக்குப் பதினோரு நாள் ஆயிற்று.

பத்தாம் நாளுக்குமேல் சலிப்பு வந்தது. இது வந்தே தீரும். அதற்கு அஞ்ச வேண்டாம். சலிப்பு வந்த பிறகுதான் வேறு வழிகளைத் தேடத் தொடங்குகிறோம். தாளைப் பாராமல் நண்டை மட்டும் பார்த்துக்கொண்டு ஒரே கோட்டில் வரைந்தேன். நிழலை மட்டும் வரைந்தேன். தூரிகையால் நான்கே தீற்றலில் வரைந்தேன். பதினெட்டாம் நாள் நண்டு வெந்து சிவந்து தட்டில் இருந்தது, அதையும் விடவில்லை. முப்பதாம் நண்டு மிக அழகாக வந்தது என்று சொல்ல ஆசைதான். உண்மையில் அது சுமார்தான். இருபத்திரண்டாவதுதான் இன்றும் எனக்குப் பிடித்தது.

இது என் கண்டுபிடிப்பு அல்ல. ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாய், எண்பது வயது கடந்த பின், 1842, 1843-ஆம் ஆண்டுகளில், காலைதோறும் ஒரு சிங்கம் வரைவதை வழக்கமாக வைத்திருந்தார். தீங்கு விலகும் என்ற நம்பிக்கையோடு அவர் வரைந்த அச்சிங்கங்கள் இருநூறுக்கும் மேல். சில உறுமுகின்றன, சில கூத்தாடுகின்றன. அதற்கும் முன்னே, ஒரே ஃபூஜி மலையை முப்பத்தாறு காட்சிகளாக வரையத் தொடங்கி, ஆசை அடங்காமல் நாற்பத்தாறில் கொண்டுபோய் நிறுத்தியவர் அவர். அந்த வரிசையில் ஒன்றுதான் பேரலை ஒன்று படகுகளின்மேல் வளைந்து நிற்கும் புகழ்பெற்ற படம். படகில் குனிந்து கிடக்கும் ஆட்களைப் பாருங்கள். அலைக்கு எப்படிக் குனிவது என்பது உங்கள் அண்ணன்மாருக்குத் தெரிந்த செய்திதான். இங்கிலாந்தில் பியாட்ரிக்ஸ் பாட்டர் என்ற பெண்மணி ஆண்டுக்கணக்கில் காளான்களை நுணுக்கமாக வரைந்துகொண்டிருந்தார். அவருடைய முயல் கதை 1893-இல் நோயுற்ற ஒரு சிறுவனுக்கு எழுதிய படக் கடிதமாகத்தான் பிறந்தது. அது கடையில் விற்கும் நூலானது 1902-இல்.

நம் நாட்டிலும் பார்ப்போம். ஆனந்த விகடனில் 'தென்னாட்டுச் செல்வங்கள்' என்ற தொடருக்குக் கோயில் கோயிலாகச் சென்று, சிலைகளின்முன் அமர்ந்து வரைந்த சில்பி, பத்திரிகை கேட்டதால்தான் வரைந்தார் என்பது சரி. ஆனால் அத்தனை நகைக்கும் மடிப்புக்கும் அவர் கொடுத்த பொறுமையைப் பத்திரிகை கேட்டிருக்க முடியாது. அது அவருடைய சொந்தக் கணக்கு. கோவாவின் மரியோ மிராண்டா இளைஞராக இருந்தபோதே நாட்குறிப்பை எழுத்தாலன்றிப் படத்தால் நிரப்பியவர். அவருடைய 1949, 1950, 1951-ஆம் ஆண்டுக் குறிப்பேடுகள் பிற்காலத்தில் நூல்களாயின. யாருக்காகவும் வரையாத படங்கள் அவை. கோபுலுவோ நோயினால் வலக்கை இயங்காமற்போன காலத்தில் இடக்கையைப் பழக்கி வரைந்தவர். அவரை நினைத்துக்கொண்டு வாரத்தில் ஒருநாள் இடக்கையால் வரைந்து பாருங்கள். கோடு நடுங்கும். ஆனால் கை மெதுவாகப் போவதால் கண் நன்றாகப் பார்க்கும்.

"தினமும் எதை வரைவது டீச்சர்?" என்று கேட்கிறீர்கள். இதற்கு விடை நம் ஏரியிலேயே இருக்கிறது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் 'பாடு' என்ற ஏற்பாடு உண்டு. நல்ல மீன்பாடுள்ள இடத்தை வலுத்தவரே வளைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகச் சீட்டுப் போட்டு எடுத்து, யாருக்கு எந்த நாளில் எந்த இடம் என்று முறை வைத்துக்கொள்கிறார்கள். இலங்கையில் நீர்கொழும்புக் களப்பிலும் இதுபோன்ற முறை இருக்கிறது. இதையே நான் ஒரு பவுடர் டப்பாவுக்குள் வைத்துக்கொண்டேன். முப்பது சீட்டு. 'வலை ஊசி', 'நங்கூரம்', 'ஈரத்தலை', 'மடவை மீன்', 'பாதம்', 'ஐஸ் பெட்டி', 'தூங்கும் நாய்' என்று எழுதி, காலையில் கண்ணை மூடி ஒன்று எடுப்பேன். வந்ததை வரைந்தே ஆக வேண்டும். பிடிக்கவில்லை என்று திருப்பிப் போடக் கூடாது. இல்லாவிட்டால் வாழ்நாள் முழுவதும் ரோஜாப்பூவும் மயிலும்தான் வரைந்துகொண்டிருப்போம். (ஆண்டுமலருக்கு வரும் படங்களில் பாதி மயில்கள் என்பதை இங்கே மெதுவாகச் சொல்லி வைக்கிறேன்.)

பறவைகளுக்குத் தனிச் சீட்டு வேண்டாம். தனி நோட்டே வேண்டும். குளிர்காலத்தில் ஏரிக்குப் பூநாரை வரும்போது தொலைவில் இளஞ்சிவப்புக் கோடாகத் தெரியும். அதன் கால் பின்பக்கமாக மடிகிறது, முழங்கால் திரும்பியிருக்கிறது என்று வரைபவர்கள் நினைக்கிறார்கள். அது முழங்கால் அல்ல, கணுக்கால். முழங்கால் மேலே இறகுக்குள் மறைந்திருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டால் எந்தப் பறவையின் காலும் எளிதாகிவிடும். பூநாரை தலையைக் கவிழ்த்து, மேலலகு கீழே வரும்படி வைத்து நீரை வடிகட்டி இரை எடுக்கும். பறக்கும்போது கழுத்தை நேராக நீட்டும். சாம்பல் நாரை கழுத்தை மடித்துக்கொண்டு பறக்கும். கூழைக்கடாவும் அப்படியே. ஒரு பறவை பறந்து மறைய அரை நிமிடம்கூட ஆகாது. கழுத்து ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும். நாட்கள் சேரச் சேர இறகும் காலும் வந்து சேரும்.

நினைவிலிருந்து வரைவதற்கு நம்மைப்போல் கொடுத்துவைத்தவர்கள் குறைவு. ஏரிக்கும் கடலுக்கும் இடையில் இருக்கிறது ஸ்ரீஹரிகோட்டாத் தீவு. 1980 ஜூலை 18-இல் ரோகிணி செயற்கைக்கோளை நம் நாட்டு ராக்கெட் அங்கிருந்துதான் சுமந்து சென்றது. இப்போதும் ராக்கெட் கிளம்பும் நாளில் கரையில் கூட்டம் கூடிவிடும். அன்று எல்லோரும் கைப்பேசியைத் தூக்கிப் பிடிக்கையில், நீங்கள் வெறும் கண்ணால் பாருங்கள். புகை எப்படி வளைந்தது, பக்கத்துப் பாட்டி வாயைப் பொத்திக்கொண்டாளா, நாய் எங்கே ஓடிற்று? வீட்டுக்குப் போய் ஒரு மணிநேரம் கழித்து வரையுங்கள். தவறாகத்தான் வரும். அடுத்தமுறை எதைக் கவனித்துப் பார்க்க வேண்டும் என்று அந்தத் தவறே சொல்லிக்கொடுக்கும்.

மனித உடலை வரையப் பழகுகிறவர்களுக்கு எலும்புக்கூடு வேண்டும். பழவேற்காட்டில் அதற்கும் குறைவில்லை. டச்சுக்காரர் 1613-இல் கெல்டிரியாக் கோட்டை கட்டி வாழ்ந்த ஊர் இது. அவர்களுடைய கல்லறைத் தோட்டத்தின் வாயிலில் இரண்டு கல் எலும்புக்கூடுகள் நிற்கின்றன. பெற்றோரோடு பகலில் போய் வரைந்து வாருங்கள். உள்ளே கல்லில் வெட்டிய எழுத்துக்களும் குடும்பச் சின்னங்களும் எழுத்தலங்காரம் பழக உதவும்.

பெற்றோருக்கு ஒரு சொல். இதற்கெல்லாம் விலையுயர்ந்த பெட்டி வேண்டாம். ஒரு ஹெச்.பி. பென்சிலும் ஒருபக்கம் எழுதிய தாளும் போதும். பிள்ளை கரையில் உட்கார்ந்து நண்டுக்குக் கால் எண்ணிக்கொண்டிருந்தால், வீண்பொழுது என்று எழுப்பிவிடாதீர்கள். வேலை இருந்தால் எழுப்புங்கள், அதுவும் நியாயம்தான்.

கடைத்தெருவில் பார்த்த பெண்ணின் தங்கை நம் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறாள். அவளிடம் ஒரு டப்பாவில் முப்பது சீட்டுப் போட்டுக் கொடுத்தனுப்பினேன். மூன்று வாரம் ஒரு பதிலும் இல்லை. பிறகு ஒருநாள் பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் வரைந்த ஐஸ் பெட்டி ஒன்று வந்தது. மூடி சற்றுக் கோணல். உள்ளே கிடந்த மடவைகளின் கண் மட்டும் ஈரமாகவே இருந்தது. கீழே இப்படி எழுதியிருந்தாள்: "டீச்சர், நீங்க போட்டதுல ஒரு சீட்டு கொறையுது. 'அம்மாவோட மீன்கூடை'ன்னு நானே எழுதிப் போட்டுக்கிட்டேன்."