வடுவின் திசை: ஓர் இளம் சத்திரசிகிச்சை நிபுணருக்கு

ராமநாதபுரம்



பாம்பன் மீனவச் சிறுவனின் டிபியா எலும்பின் தலையில் எழுந்த ஆஸ்டியோசர்கோமா என்ற எலும்புப் புற்றை அகற்றி, உலோக எலும்பு பொருத்திக் காலைக் காத்த விருத்தாந்தத்தை மருத்துவ மலரில் படித்தேன். எலும்பை எங்கே அறுப்பது, கீமோவை எப்போது தொடங்குவது என்பதெல்லாம் உனக்கு நான் சொல்லவேண்டியவையல்ல. ஆனால் முதல் படத்தில், முழங்காலுக்குக் கீழே குறுக்காகக் கிடக்கும் அந்த பயாப்ஸி வடுவைக் கண்டபின் எனக்கு மேற்கொண்டு வாசிக்க மனம் ஓடவில்லை. 'வேறிடத்தில் திசு எடுக்கப்பட்டது' என்று ஒரே வாக்கியத்தில் அதைக் கடந்துவிட்டாயே!

கத்தி நுழைந்த வழியெங்கும், கசிந்த ரத்தம் பரவிய இடமெங்கும் வியாதியின் அணுக்கள் சிதறியிருக்கக்கூடுமாதலால், அவ்வழி முழுவதையும் கட்டியோடு சேர்த்தே வெட்டியெடுக்க வேண்டியிருக்கிறது. நெடுக்குக் கீறல் பின்னால் வரும் பெரிய கீறலுக்குள் அடங்கிவிடும், குறுக்குக் கீறலோ பக்கத்துத் தோலையும் அபகரித்து, உலோகத்தை மூட ஒன்றுமில்லாமல் செய்துவிடும். அமெரிக்க நிபுணர் ஹென்றி மான்கின் 1982இல் 329 நோயாளிகளை ஆராய்ந்தபோது, பயாப்ஸியின் கோளாறால் நூற்றுக்கு 4.5 பேர் அனாவசியமாக அவயவம் இழந்திருந்தனர்; 1996இல் மறுபடி கணக்கெடுத்தபோதும் நிலைமை பெரிதாகத் திருந்தவில்லை. இந்தக் கரையிலோ, முழங்கால் வீங்கினால் பந்தாட்டத்தில் பட்ட அடி என்று எண்ணெய் தேய்த்துக் கட்டுப் போட்டே மாதங்கள் கழிகின்றன. அதன்பின் வந்துசேரும் பிள்ளைக்கு அவசரக் கத்தி இரண்டாவது அநியாயம். கட்டியை அகற்றப்போகிறவரே பயாப்ஸியும் செய்யட்டும் என்று நான் ஓயாமல் சொல்வதைக் கிழவனின் பிடிவாதமென்று உங்கள் தலைமுறை சிரிக்கிறது, சிரியுங்கள்.

எங்கள் வாலிபத்தில் இத்தகைய கட்டி என்றால் காலை எடுத்துவிடுவதே சம்பிரதாயம். அந்நிய தேசத்து உலோக எலும்பு ஏழைக்கு எட்டாதிருந்த காலத்தில், நோயாளியின் எக்ஸ்ரே அளவுக்குத் தக்கபடி இங்கேயே அதைச் செய்வித்துப் பொருத்திய சென்னை மயில்வாகனன் நடராஜனுக்கு 2007இல் பத்மஸ்ரீ கிடைத்தது. ராமேசுவரத்தில் பிறந்த கலாமும், கால் ஊனமுற்ற குழந்தைகள் இழுத்து நடந்த 3 கிலோ காலிப்பரை, ஏவுகணைக்கு உதவிய கார்பன் கலவையால் 300 கிராமாக்கினார். இத்தனை மேதைகள் சாதித்தும் என்ன, முதல் கீறல் கோணினால் அந்த உலோக எலும்பை வைக்க இடமேது?

இவ்வளவு கடிந்தபின் ஒன்று சொல்கிறேன்: கெட்ட தோலைக் களைந்து, கெண்டைச் சதையின் உட்பாதியை முன்னே திருப்பி உலோகத்தை மூடி, முழங்கால் சில்லின் தசைநாணை அச்சதையோடு தைத்த உன் கைவேலைக்கு நிகராக நான் அதிகம் கண்டதில்லை. அந்தச் சாமர்த்தியம் பிறர் செய்த பிழையைத் துடைப்பதில் செலவாயிற்றே என்பதுதான் என் கோபம். ஆகையால், அடுத்த ஜில்லா மருத்துவர் கூட்டத்தில் உலோக எலும்பைப் பற்றிப் பேசாதே. அந்த முதல் படத்தை மட்டும் காட்டிப் பேசு.

இப்படிக்கு,
உன் பழைய ஆசிரியன்