தாய்க்கு ஓர் ஊசி, சேய்க்கும் காப்பு

தருமபுரியிலிருந்து பென்னாகரம் செல்லும் சாலையில் உள்ளது இண்டூர். இந்தப் பகுதியில் பல வீடுகளில் யாராவது ஒருவர் பெங்களூரிலோ, ஓசூரிலோ, திருப்பூரிலோ வேலை பார்ப்பார். தீபாவளிக்கு அவர் ஊர் திரும்பும்போது பலகாரப் பையோடு சில நேரம் இருமலும் கூடவே வந்துவிடும். அது மழைக்காலம், ஃப்ளூ எனப்படும் இன்ஃப்ளூயன்சா காய்ச்சல் பரவுவதற்கு ஏற்ற காலமும்கூட. வீட்டில் கர்ப்பிணிப் பெண் இருந்தால் முன்கூட்டியே என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

"சளிதானே, கஷாயம் குடிச்சா போயிடும்"

சாதாரண சளிக்கு அது சரி. ஃப்ளூ வேறு. திடீரென்று கடும் காய்ச்சல், உடல்வலி, இருமல், அசதி என்று ஆளைச் சாய்த்துவிடும். கர்ப்ப காலத்தில் பெண்ணின் நோய் எதிர்ப்புத் தன்மை மாறுகிறது. வளரும் கருப்பை மேல்நோக்கி அழுத்துவதால் நுரையீரல் விரியும் இடம் குறைகிறது. இதயத்துக்கும் வேலை கூடுகிறது. அதனால் மற்றவர்களுக்கு ஐந்து நாளில் போகும் காய்ச்சல், கர்ப்பிணிக்கு நிமோனியாவாக மாறலாம், குறைப்பிரசவமும் நேரலாம். 1918இல் உலகை உலுக்கிய கொள்ளைநோயிலும், 2009இல் பரவிய பன்றிக் காய்ச்சலிலும் கர்ப்பிணிகள் அதிகம் பாதிக்கப்பட்டனர்.

"வயித்துல புள்ள இருக்கறப்ப ஊசி எதுக்கு?"

பிள்ளைக்காகவும்தான்! ரணஜன்னி ஊசியை நினைத்துப் பாருங்கள். கர்ப்பிணிகள் தயங்காமல் போட்டுக்கொள்ளும் ஊசி அது. தாய்க்குப் போட்ட ஊசியால் உருவாகும் எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியே சிசுவுக்குப் போய்ச் சேர்கிறது. இந்த ஊசியாலும் சுத்தமான பிரசவத்தாலும் பச்சிளம் குழந்தைகளின் ரணஜன்னி இந்தியாவில் ஒழிக்கப்பட்டதாக 2015இல் அறிவிக்கப்பட்டது.

ஃப்ளூ ஊசியும் இதே வழியில்தான் வேலை செய்கிறது. பிறந்து 6 மாதம் ஆகாத குழந்தைக்கு ஃப்ளூ தடுப்பூசி போட முடியாது. அந்த மாதங்களில் தாய் கொடுத்தனுப்பும் எதிர்ப்பொருள்தான் அதற்குத் துணை. வங்கதேசத்தில் 340 கர்ப்பிணிகளிடம் நடந்து 2008இல் வெளியான ஆய்வில், ஃப்ளூ ஊசி போட்டுக்கொண்ட தாய்மாரின் குழந்தைகளிடம் பரிசோதனையில் உறுதியான ஃப்ளூ 63 சதவீதம் குறைவாக இருந்தது.

எப்போது, எப்படி?

● கர்ப்பத்தின் எந்த மாதத்திலும் போடலாம். உலக சுகாதார நிறுவனம் 2012 முதல் இதையே பரிந்துரைக்கிறது.

● கையின் மேற்பகுதியில் ஒரே ஒரு ஊசி. பலன் கிடைக்க சுமார் 2 வாரம் ஆகும். எனவே மழைக்கு முன்பே போடுவது நல்லது.

● இதில் இருப்பது செயலிழக்கச் செய்த கிருமி. அதனால் ஃப்ளூ வராது. மூக்கில் தெளிக்கும் வகையில் உயிருள்ள கிருமி இருப்பதால் அது கர்ப்பிணிக்குக் கூடாது.

● கை வலி, லேசான காய்ச்சல் ஓரிரு நாள் இருக்கலாம்.

● ஃப்ளூ கிருமி அடிக்கடி உருமாறும். எனவே போன பிரசவத்தில் போட்டிருந்தாலும் இப்போது மறுபடி போட வேண்டும்.

● முன்பு ஏதேனும் தடுப்பூசியால் கடும் ஒவ்வாமை வந்திருந்தால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நாமே கேட்க வேண்டும்

ரணஜன்னி ஊசி தேசியத் தடுப்பூசி அட்டவணையில் இருக்கிறது. செவிலியரே நாள் சொல்லிப் போட்டுவிடுவார். ஃப்ளூ ஊசி அந்த அட்டவணையில் இல்லை. அதனால் அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது, "ஃப்ளூ ஊசி எனக்குப் போடலாமா? இங்கே இருப்பு இருக்கா?" என்று கிராம சுகாதார செவிலியரிடமோ மருத்துவரிடமோ கேளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இல்லையென்றால் வேறு எங்கே கிடைக்கும் என்றும் அவர்களிடமே விசாரியுங்கள்.

வளைகாப்பு முடிந்து தாய் வீடு போகும் பெண்கள் தாய்சேய் நல அட்டையையும் பிக்மி எண்ணையும் கையோடு கொண்டுபோக வேண்டும். ஊசி போட்ட தேதி அட்டையில் எழுதப்பட்டிருந்தால்தான் அந்த ஊர் செவிலியருக்கு எது போட்டாயிற்று, எது பாக்கி என்று தெரியும்.

ஊசி போட்ட பிறகும்

எந்த ஊசியும் நூற்றுக்கு நூறு காப்பு தராது. வீட்டில் இருமுபவர் முகக்கவசம் அணியட்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவட்டும். கர்ப்பிணிக்குக் காய்ச்சல் கண்டால் மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிச் சமாளிக்க வேண்டாம். ஃப்ளூவுக்கான மருந்து முதல் 48 மணி நேரத்தில் தொடங்கினால்தான் நல்ல பலன் தரும். எனவே அன்றே மருத்துவரைப் பாருங்கள். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மயக்கம், குழந்தையின் அசைவு குறைதல் இவற்றில் எது இருந்தாலும் உடனே 108ஐ அழையுங்கள். மருத்துவ ஆலோசனை மட்டும் வேண்டுமென்றால் 104ஐ அழைக்கலாம்.

மாமியார், கணவர், அம்மா என வீட்டில் உள்ளவர்களும் இதைப் படித்துவிட்டு, அடுத்த பரிசோதனைக்குக் கூடவே போய்க் கேட்டால் இன்னும் நல்லது.